மலைப்பாம்பு இருந்த வீடு

அவர் சைக்கிளை ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்ததுமே நான் வாசலுக்கு ஓடினேன். மின்சார இலாகாவில் கம்பத்தில் ஏறிக் கம்பி இழுக்கிற வேலை அவருக்கு. அப்படிப்பட்டவர் நடந்து வந்தால், எங்கே அடிபட்டதோ என்றுதான் பெண்டாட்டிக்குத் தோன்றும்.

அடி ஒன்றுமில்லை. பின்னால் கேரியரில் ஒரு கோணிச் சாக்கு இருந்தது. அதன் வாயைக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். சாக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பலாப்பழமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்தச் சாக்கு, தூக்கத்தில் புரளும் ஆளைப்போல, ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு மெதுவாகப் புரண்டது.

"பயப்படாத அஞ்சல. ஒண்ணும் செய்யாது."

"என்னங்க அது?"

"மலப்பாம்பு. சின்னதுதான். கடிச்சாலும் விஷமில்ல."

"கடிக்குமா?"

"கடிச்சாலும்னுதான சொன்னேன்."

போன வாரம் எங்கள் கல்யாணத்தைப் பற்றியும், ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மலாக்கா டவுனுக்குக் குடிவந்ததைப் பற்றியும் எழுதியிருந்தேன். இது அதற்கு அடுத்த வருஷம். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று கடைத்தெருவெல்லாம் பேச்சாக இருந்த நேரம். எனக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது.

அடிக்கக் கூடாது

குருபோங் பக்கம் இன்று தொழிற்சாலையும் வீடமைப்புத் திட்டமுமாக இருக்கிறது. அன்று சதுப்பும், கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர்த் தோப்பும்தான். அங்கே கம்பம் நடப் போன இடத்தில், சாலைக்கு அடியில் ஓடும் மதகுக் குழாய்க்குள் இது சுருண்டு கிடந்திருக்கிறது. கூட வேலை செய்த சீனர் ஒருவர் சூப் வைக்கலாம் என்றாராம். இன்னொருவர் பாராங் கத்தியை எடுத்துவிட்டார். என் கணவர் ராமையா குறுக்கே போய் நின்றிருக்கிறார்.

"எம் பொண்டாட்டி முழுகாம இருக்கா. என் கண்ணு முன்னால அடிக்காதீங்க."

பெண்டாட்டி பிள்ளை உண்டாகியிருக்கும்போது புருஷன் பாம்பை அடிக்கக் கூடாது. எங்கள் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கத்தி வைத்திருந்தவர் சிரித்திருக்கிறார். ஆனால் வேலையை மேய்க்கிற மண்டோர் சிரிக்கவில்லை. அவர் மலாய்க்காரர். "எங்களுக்கும் அப்படித்தான்" என்று சொல்லி, அவரே கம்பியில் சுருக்குப் போட்டுப் பிடித்துக் கொடுத்தாராம். "எங்கயாச்சும் தூரமாக் கொண்டுபோய் விட்டுடு" என்றும் சொல்லியிருக்கிறார்.

குருபோங்கிலிருந்து எங்கள் வீடு இருந்த காஜா பெராங் வரும் வழி முழுக்கத் தூரமான இடம்தான். எங்கே வேண்டுமானாலும் விட்டிருக்கலாம். ஏன் வீடு வரைக்கும் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன்.

"விட்டா வேற எவனாச்சும் அடிச்சிடுவான்." முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீ பாக்கணும்னு தோணுச்சு. மேல கோலம் போட்ட மாதிரி இருக்கு. வெளிச்சம் பட்டா நீலமா ஓடுது" என்றார்.

அவர் அப்படித்தான். அப்பா அம்மா முகம் தெரியாமல், தோட்டத்தில் பல வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவர். கண்ணுக்கு அழகாகப் பட்டதையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஓடாத கடிகாரம், கப்பல் படம் போட்ட பிஸ்கட் டின், ஒரு தடவை கால் ஒடிந்த மைனா. அந்த மைனா நாலைந்து நாளில் செத்துப்போனது. அதற்காக அவர் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தார்.

மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் குமிழ்கள் வருகிற பலகைப் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதற்கு மேலே கோழிவலை அடித்து, சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்த சாய்ப்பில் வைத்தார். சாக்கை அதற்குள் கவிழ்த்து உதறினார். அது வழுக்கிக்கொண்டு விழுந்து, ஒரு மூலையில் தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டது. நீட்டினால் அவர் உயரத்துக்கு இருக்கும்.

நான் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லை. மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் கட்டமாக, யாரோ உட்கார்ந்து பொறுமையாக வரைந்த மாதிரி இருந்தது.

"ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுடறேன்" என்றார்.

பேச ஆளில்லாத இடம்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் அந்தப் பாம்பை ஏன் வைத்துக்கொண்டேன் என்பது உங்களுக்குப் புரியாது.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் தண்ணீர் எடுத்து நீட்டலாம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் போட்டு எங்களைக் கம்பி வேலிக்குள் அடைத்தபோது இன்னும் நெருக்கமாகிவிட்டோம். சண்டை, சிரிப்பு, ஒப்பாரி எல்லாம் பொது. தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மா செத்த அன்றுகூட நான் தனியாக அழவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் அழுதார்கள்.

அங்கிருந்து காஜா பெராங்குக்கு வந்தேன். கம்போங் செட்டி ஓரத்தில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார் அவர். "நம்ம ஆளுங்க இருக்கிற இடம்தான்" என்று சொல்லித்தான் கூட்டிவந்தார். வந்து பார்த்தால் அவர் சொன்னது பாதி சரி. எல்லா வீட்டு வாசல் நிலையிலும் மாவிலைத் தோரணம். முனைக்கு முனை கோயில். பெண்கள் நெற்றியில் திருநீறு. ஆனால் இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை, பேச்சு மலாய். அதுவும் கடைத்தெரு மலாய் மாதிரி இல்லை. வேறு ஏதோ ராகம்.

முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் ஓர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனிடம் மலாயில் முறையிட்டுக்கொண்டிருந்தார். அம்மனுக்கு இது எப்படிப் புரியும் என்று நான் யோசித்தேன். எனக்கு அப்போது வயது பத்தொன்பதோ இருபதோ. நான் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே அம்மன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

செட்டிகள் என்கிற அவர்கள், எந்தக் காலத்திலோ வணிகம் செய்ய வந்து இங்கேயே பெண் கட்டிக்கொண்ட தமிழர்களின் வம்சம். நல்லவர்கள். என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்கு மேல் போகத் தெரியாது. எனக்குத் தெரிந்த மலாய், மீன் வாங்கவும் வழி கேட்கவும்தான் போதும். நல்ல மனுஷர்கள் நடுவில் வாயடைத்து உட்கார்ந்திருப்பது போன்ற தனிமை வேறில்லை. விடியற்காலை அவர் போய்விட்டால், பைப்படிச் சத்தம் அடங்கியதும் வீடு ஊமையாகிவிடும். சில நாள் அடுப்போடு பேசுவேன். "எரியேன், உனக்கு என்ன கேடு?" என்பேன். என் குரலைக் கேட்டு எனக்கே திடுக்கென்றிருக்கும்.

பாம்பு வந்த மறுநாள் மத்தியானம், சாய்ப்பில் ஒரு சத்தம் கேட்டது. கோரைப்பாயைச் சுருட்டுகிற மாதிரி. பெட்டிக்குள் அது இடம் மாறிப் படுத்தது. வீட்டில் என்னைத் தவிர இன்னோர் உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

பாம்பு பார்க்க வந்தவர்கள்

முதலில் வந்தவர் அடுத்த வீட்டுத் தெய்வானை. எல்லாரும் அவரைக் காக் தெய்வானை என்பார்கள். காக் என்றால் அக்கா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரே மகளைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார். கோழி வளர்ப்பவர். பாம்பு வந்த செய்தி காதில் விழுந்ததும் கோழிக்காகப் பதறிப்போய் ஓடிவந்துவிட்டார்.

நாங்கள் மலாயில்தான் பேசினோம். அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்வார், நான் கையையும் சேர்த்துப் பேசுவேன். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"வலை கெட்டியா இருக்கா?"

"கெட்டிதான், காக்."

"என்ன தின்னும்?"

"எலி. இவர் பட்டறையிலிருந்து பிடிச்சிட்டு வருவார்."

"எலியா? எங்க வீட்டில் நிறைய இருக்கு" என்றார். அப்புறம் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கு. என்னோட பழைய சாரோங் ஒண்ணு இதே மாதிரி."

மறுநாள் அவர் தன் ஓரகத்தியைக் கூட்டிவந்தார். அதற்கு அடுத்த நாள் எதிர் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அப்புறம் கோயில் பூசாரியின் மனைவி. வீட்டில் இருந்த கிளாஸ் போதாமல், கப்பல் படம் போட்ட டின் மூடியில்கூட ஒருத்திக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பாம்புக்கு மலாயில் 'உலார்' என்றேன், மலைப்பாம்பு 'உலார் சாவா' என்று அவர்கள் திருத்தினார்கள். 'பாம்பு' என்று சொல்லச் சொன்னேன். "பம்பு, பம்பு" என்றார்கள். எனக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டவுனுக்கு வந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் சாக்கை எடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன, கொண்டுபோய் விட்டுடலாமா?"

"இருக்கட்டுமே. என்ன அவசரம்?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மிட்டாய் கிடைத்த பிள்ளை மாதிரி. அவருக்கும் விட மனசில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து பெட்டியைத் துடைத்து, புது மணல் போட்டு, அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்தோம்.

வெள்ளை விழுந்த கண்

ஒரு காலையில் தண்ணீர் மாற்றப் போனேன். பாம்பின் கண்ணைப் பார்த்ததும் சட்டி கையிலிருந்து நழுவியது. இரண்டு கண்ணும் பால் ஊற்றிய மாதிரி வெளுத்து, நீலம் பூத்துக் கிடந்தன. முந்தின நாள் போட்ட எலியும் தொடாமல் கிடந்தது.

வயிற்றுப் பிள்ளைக்காரியைப் பார்த்தால் பாம்புக்குக் கண் அவிந்துவிடும் என்று தோட்டத்தில் சொல்வார்கள். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "நமக்குத்தான் பாம்பு பயப்படணும்" என்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை. நான்தான் தினமும் அதன் முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். அதன் கண்ணை நான் அவித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

காக் தெய்வானை வந்து பார்த்தார். பாம்பைப் பார்த்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். அப்போதுதான் லேசாக மேடிட்டிருந்தது. அதுவரை அக்கம்பக்கத்தில் நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"எத்தனை மாசம்?"

நாலு விரலைக் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "பந்தாங், அஞ்சலை. பந்தாங்" என்றார். ஆகாது, கூடாது என்று அர்த்தம். பிள்ளைத்தாய்ச்சி ஒரு பிராணியை அடைத்து வைத்தால் அதன் சாயல் பிள்ளைக்கு வந்துவிடும். அதற்கு அவர்களிடம் ஒரு பெயரே உண்டு. 'கெனான்' என்பார்கள். "உன் புருஷன்கிட்ட சொல்லு. விட்டுடச் சொல்லு. இது போற வரைக்கும் நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

கோபத்தில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, பயந்துதான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து யாரும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பழைய கதைதான்.

என் கணவரிடம் சொன்னேன். உடனே சாக்கை எடுத்துவிட்டார். நான்தான் தடுத்தேன்.

"கண்ணு தெரியாததக் கொண்டுபோய் எங்கங்க விடுவீங்க? காக்கா கொத்திடாதா? அதுக்கு நல்லாவட்டும்."

அந்த நேரம் பார்த்து அவருக்கு வேலை கழுத்தை நெரித்தது. சுதந்திரக் கொண்டாட்டத்துக்காக ஊர் முழுக்க வர்ண பல்பு கட்டினார்கள். கம்பத்துக்குக் கம்பம், கட்டடத்துக்குக் கட்டடம். விடியுமுன் போய், நான் சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தபின் வருவார். ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

பகல் முழுக்க நானும் பாம்பும்தான். கண் அவிந்ததுதான் அவிந்துவிட்டது, இனி என்ன என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசி பொறுக்குவேன். தோட்டத்துக் கதையெல்லாம் சொல்வேன். பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிச் சொல்வேன். பாம்புக்குக் காது கிடையாது என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். பரவாயில்லை.

ஒரு மத்தியானம் அது மூக்கைப் பலகையில் தேய்க்க ஆரம்பித்தது. உதட்டோரத்தில் தோல் பிரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். காலுறையைக் கழற்றுகிற மாதிரி, உட்பக்கம் வெளிப்பக்கமாக, அது தன் தோலிலிருந்து தானே வழிந்து வெளியே வந்தது. கண்ணின் மேலிருந்த வெள்ளையும் தோலோடு போய்விட்டது. புதுக் கண் பளிச்சென்று என்னைப் பார்த்தது.

சட்டைதான் உரித்திருக்கிறது! கண் அவியவும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலுக்கு ஓடினேன். தெருவில் ஒருவரும் இல்லை. வேலியோரம் போய் நின்றேன். காக் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. "கண்ணு வந்துடுச்சு" என்று மலாயில் எப்படிச் சொல்வது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே திரும்பி வந்தேன்.

அன்றைக்கு அது எலி தின்றது. நானும் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அந்த மத்தியானம்

அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று நினைவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது இடுப்பைக் கிழிக்கிற மாதிரி ஒரு வலி. வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கீழே பார்த்தேன். அதை எழுத வேண்டாம்.

எப்படியோ சமையல்கட்டு வரை நகர்ந்து வந்துவிட்டேன். "காக்!" என்று கூப்பிட்டேன். குரல் வெளியே போனதா என்று தெரியவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

படி ஏற மாட்டேன் என்று சொன்ன அந்த மனுஷி, வேலியைச் சுற்றிக்கூட வரவில்லை. வேலிப் பலகையைப் பெயர்த்துத் தள்ளிவிட்டு வந்தார். சாய்ப்பு வழியாகத்தான் வர முடியும். பாம்புப் பெட்டியைத் தாண்டி, சாரோங்கை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, தெருவைப் பார்த்து ரிக்‌ஷாவுக்குக் கத்தினார். வழி முழுக்க என் தலையைத் தடவிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு சொல்லும் புரியவில்லை. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும் என்றிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒருத்தி இருந்தாள். என்னைவிடச் சின்னவள். "பொம்பளப் புள்ள, அக்கா" என்றாள். என் தலையணையைச் சரிசெய்தாள். "சில சமயம் காரணமே இல்லாம இப்படி ஆயிடும்க்கா. நீங்க ஒண்ணும் தப்பா செய்யல."

அவர் இடுப்பில் வேலைக் கயிறோடு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. போர்வையின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். மணி அடித்ததும் எழுந்து போனார். நான் அங்கே இருந்த நாளெல்லாம் இப்படித்தான்.

"இப்ப என்ன தடை?"

வீட்டுக்கு வந்த அன்று முதலில் சாய்ப்புக்குத்தான் போனேன். தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. பாம்பு வலையில் மூக்கை வைத்து முட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இழுத்து, மறுபடி அதே இடத்தில் முட்டியது. நான் இல்லாத நாளெல்லாம் அப்படியே முட்டியிருக்கிறது. மூக்கு நுனியில் தோல் நைந்து சதை தெரிந்தது. கம்பியில் ரத்தம் காய்ந்திருந்தது.

பின்னால் காலடிச் சத்தம். திரும்பினேன். அவர் கையில் பாராங்.

"நகரு அஞ்சல."

"என்னங்க பண்ணப் போறீங்க?"

"நகருன்னா நகரு."

"அடிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அப்ப நீ முழுகாம இருந்த." அவர் பாராங்கை இறுக்கிப் பிடித்தார். "இப்ப என்ன தடை? சொல்லு. இப்ப என்ன தடை இருக்கு?"

பெட்டியின் மேலே உட்கார்ந்துவிட்டேன். வலைக்கு அடியில் அது அசைவது தெரிந்தது.

"எழுந்திரு."

"மாட்டேன்."

"எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுமா? இதனாலதான்னு சொல்றாங்க. நான்தான் கொண்டாந்தேன். எல்லாம் என்னாலதான்."

"இத அடிச்சா, இதனாலதான் ஆச்சுன்னு ஆயிடும்ங்க" என்றேன். "அப்புறம், இருக்கட்டும்னு சொன்னது நானு. ஆயுசுக்கும் நான் அத நெனச்சுக்கிட்டே கெடக்கணும். வேணாங்க."

அவர் கத்தியைத் தரையில் போட்டார். போட்டுவிட்டு எங்கே போவது என்று தெரியாதவர் மாதிரி அங்கேயே நின்றார்.

பெயர்ந்த வேலி வழியாகக் காக் தெய்வானை வந்து நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. எங்கள் தமிழ் அவருக்குப் புரியாது. ஆனால் கீழே கிடந்த கத்தியும், பெட்டி மேல் உட்கார்ந்திருந்த நானும் போதுமே. அவர் நேராக என் கணவரிடம் பேசினார். இவருக்கு மலாய் நன்றாக வரும்.

"ராமையா, எனக்கு மூணு போயிருக்கு. ஒண்ணு இவளுக்குப் போன மாதிரியே. ரெண்டு பிறந்து போச்சு. எங்க வீட்டில் பாம்பு இருந்ததே இல்லை."

அவர் தலை நிமிர்ந்தது. எனக்கும் ஆச்சரியம்.

"அப்புறம் ஏன் காக், பாம்பை விடச் சொன்னீங்க? ஆகாதுன்னீங்களே?" என்று கேட்டேன்.

காக் கெபாயா நுனியை நீவிவிட்டுக்கொண்டார். "எனக்கும் ஏதேதோ சொன்னாங்க. துணியைத் தலையில் சுத்தாதே, வாசலில் நிக்காதே. எல்லாம் கேட்டேன். அப்படியும் போச்சு. ஆனா உன்னைப் பார்த்ததும் சொல்லாம இருக்க முடியல. சொல்லி வைப்போம், ஒருவேளை இவளுக்காவது நிக்காதான்னு."

வேறு யார் எப்படிச் சொல்லியிருந்தாலும் அன்று எனக்கு ஆறுதலாக இருந்திருக்காது.

அப்புறம் காக் பெட்டியைக் காட்டிக் கேட்டார். "நீயே வச்சுக்கப் போறியா?"

உண்மையைச் சொன்னால், அடிக்க விடக் கூடாது என்றுதான் அவ்வளவு நேரமும் நினைத்திருந்தேன். விடுவதைப் பற்றி நினைக்கவில்லை. நாளைக் காலை இவர் வேலைக்குப் போய்விடுவார். தொட்டில் கட்ட வேண்டிய மூலை அப்படியே இருக்கும். இதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் அசைகிற பொருள் என்று ஒன்றும் இருக்காது. வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

எனக்குக் கீழே அது மறுபடியும் வலையில் முட்டியது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். நான் எழுந்து குனிந்து பார்த்தேன். அந்த நைந்த மூக்கோடு, என்னைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"விட்டுடலாம்ங்க" என்றேன்.

ஆற்றங்கரை

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. காலையில் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிற்றால் கட்டினார். நான் வெளியே நடக்கக் கூடாது என்று காக் சொன்னார். சொல்லிவிட்டு அவரே குடையை எடுத்துக்கொண்டு என் கூட வந்தார். ஆறு பக்கத்தில்தான். மெதுவாகப் போனோம். அவர் முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, நாங்கள் இருவரும் பின்னால் ஒரே குடையில். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீடுகள் முடிந்து நீப்பாப் பனை அடர்ந்த இடத்தில் கரை தாழ்வாக இருந்தது. தண்ணீர் தேநீர் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியை இறக்கி, வலையைப் பிடுங்கி, பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். மூன்று பேரும் தள்ளி நின்றோம்.

அது வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. வலை இருந்த இடத்துக்கு வந்து நின்று, நாக்கை மட்டும் நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டது. இத்தனை நாள் முட்டிய இடத்தில் இன்று ஒன்றுமில்லை என்று அதற்கு நம்பிக்கை வரவில்லைபோல. போ, போ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே, போய்விடக் கூடாதே என்றும் இருந்தது எனக்கு.

பிறகு தலை வெளியே வந்தது. சேற்றில் கோடு இழுத்துக்கொண்டு மெதுவாக இறங்கியது. தண்ணீர் தொட்டதும் வேறு பிராணி ஆகிவிட்டது. அவ்வளவு லேசு, அவ்வளவு வேகம். வெயிலில் முதுகு நீலமாக ஓடியது. பனை வேர்களுக்கு நடுவே போனது. அப்புறம் தண்ணீர் மட்டும் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

அவர் கரையோரம் குந்தினார். ஆற்றுத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். மறுபடியும் அடித்துக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் அழாதவர் அங்கே அழுதார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரமாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன்.

முகத்தைத் துடைக்காமலே கேட்டார்.

"பேரு ஏதாச்சும் நெனச்சு வெச்சிருந்தியா?"

நினைத்து வைத்திருந்தேன். அத்தனை நாளும் தனியாக இருந்தவள் வேறு எதை நினைத்திருப்பேன்? ஆனால் அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னேன்.

அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மெதுவாக, எழுத்துக் கூட்டுகிற மாதிரி.

"யாரு அது?" என்று பின்னாலிருந்து காக் மலாயில் கேட்டார்.

"மகள்" என்றேன்.

காக் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்தத் தமிழ்ப் பெயர் அவர் நாக்கில் சரியாக உட்காரவில்லை. முதல் தடவை ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். நான் திருத்தினேன். மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை சரியாகச் சொன்னார்.

எனக்குப் பிற்பாடு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டு பேரையும் காக் தெய்வானைதான் குளிப்பாட்டினார். அந்தப் பெயரை நாங்கள் இருவருக்கும் வைக்கவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. அன்று ஆற்றங்கரையில் இருந்த மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த பெயர் அது. மற்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள்.